மழைக்கு ஒதுக்கிய ஜெனரேட்டர்

மகன்,

வரும் வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் நீயும் பர்ஹானாவும் கரவனை வேனில் கொளுவிக்கொண்டு மாங்கேணிக்குப் போகிறீர்கள். உல்லாசப் பயணிகள் வருகிற இந்தப் பருவம் முடியும் வரை அங்கேதான் என்று சொல்லியிருக்கிறாய். போவதற்கு முன் உன்னோடு இருந்து பேச வேண்டும் என்று பலமுறை முயன்றேன். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் "அது முடிஞ்ச கத வாப்பா" என்று எழுந்துவிடுகிறாய். உனக்கு அது முடியவில்லை என்பது எனக்குத் தெரியும். தெருவில் எங்காவது ஜெனரேட்டர் இயங்கினால் நீ பேச்சை விட்டுவிட்டுத் தலையைத் திருப்புவதை நான் கவனித்திருக்கிறேன். ஆகவே எழுதுகிறேன். மற்றவர்களுடைய வீட்டில் நடந்ததை எழுதித்தான் உன்னை வளர்த்தேன். நம்முடைய வீட்டில் நடந்தது என்பதற்காக இதை மட்டும் மறைத்து வைப்பது சரியல்ல. பர்ஹானா இதை உனக்கு முன்பே வாசித்துவிட்டாள். ஒரு வரியை வெட்டச் சொன்னாள், வெட்டிவிட்டேன். மிச்சத்தைப் பத்திரிகையில் போடலாம் என்றாள்.

வாசிப்பவர்களுக்காகச் சிலதை நான் முதலில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள். நீ கத்தாரில் இருந்தபோது, குளிர்காலத்தில் அரபிகள் பாலைவனத்தில் போய்த் தங்குகிற முகாம்களில் வேலை செய்தாய். வாகனத்துக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடுகளை, கரவன் என்று நீங்கள் சொல்பவற்றை, அங்கே வரிசையாக நிறுத்துவார்கள். அவற்றின் பெட்டரிகளையும் ஜெனரேட்டர்களையும் பார்த்துக்கொள்வது உன் பொறுப்பு. திரும்பி வந்து, பழைய கரவன் ஒன்றை வாங்கி, ஏறாவூரில் நம்முடைய வளவுக்குள் நிறுத்தி, துருவைச் சுரண்டி, பலகை மாற்றி, கட்டில் அடித்து, உல்லாசப் பயணிகளுக்கு வாடகைக்கு விடும் அளவுக்குக் கொண்டுவந்தாய். முன்பக்கத்தில் இரண்டு பெட்டரி, சுவரில் வோல்ட் காட்டுகிற ஒரு சின்ன மீற்றர், கையில் தூக்கக்கூடிய ஒரு ஜெனரேட்டர். மாங்கேணியில் கடலுக்கும் களப்புத் தண்ணீருக்கும் நடுவில், மீன்பிடிக்கிற தங்கராசாவின் மீன்வாடி வளவில் நிறுத்துவதற்கு இடமும் கிடைத்தது.

அந்தக் கரவன் உனக்குத் தொழில் மட்டுமல்ல என்பதை நான் தாமதமாகத்தான் விளங்கிக்கொண்டேன். எங்கள் பக்கத்தில் ஆண் கல்யாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போகிறான். நானும் அப்படித்தான் உன் உம்மாவின் வீட்டுக்கு வந்தேன். நீ பர்ஹானாவின் ஓட்டமாவடிக்குப் போனாய். மாமி வீட்டில் மருமகனுக்கு மரியாதை உண்டு, நல்ல கறி உண்டு, நல்ல கதிரை உண்டு. ஆனால் அங்கே அவன் எவருக்கும் விருந்து வைக்க முடியாது, அவனே விருந்தாளி. கல்யாணமாகி ஏழெட்டு மாதத்தில், முதல் தடவையாக, பர்ஹானாவின் உம்மாவும் வாப்பாவும் நீ சொந்தமாகச் செய்த ஒரு கூரையின் கீழ் உட்கார வந்தார்கள். அன்றைக்கு உனக்கு எல்லாமே சரியாக நடக்க வேண்டியிருந்தது. ஒரு விளக்குகூட மங்கக்கூடாது.

காலையில் நானும் உன் உம்மாவும் முதலில் மாங்கேணிக்கு வந்துவிட்டோம். நீ ஜெனரேட்டரைப் போட்டாய். சற்று நேரத்தில் மீற்றர் பதினான்கைத் தாண்டியது. "பாருங்க வாப்பா, பெட்டரி நிறைஞ்சிட்டு" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினாய். உடனே நிறுத்தியும் விட்டாய். "இன்னங் கொஞ்சம் ஓடட்டுமே" என்றேன். "மாமா ஆக்கள் வாற நேரம் இது கத்திக்கிட்டு நிண்டா நல்லமா?" என்றாய். பெட்டரியைப் பற்றி எனக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியாது. உனக்குத் தெரியும். ஜெனரேட்டர் ஓடும்போது மீற்றரில் தெரிவது சார்ஜர் தள்ளுகிற அழுத்தம். பெட்டரிக்குள் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது வேறு கணக்கு. அதை அறிய வேண்டுமானால் நிறுத்தி, விளக்கு, பிரிட்ஜ் எல்லாவற்றையும் அணைத்து, பெட்டரியை ஒரு மணி நேரமாவது ஆறவிட்டுப் பார்க்க வேண்டும். அப்போதும் பன்னிரண்டரைக்கு மேல் நின்றால் நிறைந்திருக்கிறது. பன்னிரண்டை நெருங்கினால் பாதிக்கு மேல் போய்விட்டது. அதற்கும் கீழே இறக்கினால் பெட்டரியின் ஆயுளே குறையும். இவ்வளவையும் பின்னால் எனக்குச் சொல்லித் தந்தவன் நீதான். மற்றவர்களுடைய கரவன்களில் நீ இதை ஒரு நாளும் தவறவிட்டதில்லை. உன் வீட்டுக்கு விருந்தாளி வந்த அன்று, முதலில் தெரிந்த நல்ல எண்ணை எடுத்துக்கொண்டாய்.

இதற்காக உன்னைக் குறை சொல்லும் தகுதி எனக்கில்லை. எங்கள் பத்திரிகைத் தொழிலில், ஒரு கெட்ட செய்தி வந்தால் இரண்டு பேரிடமாவது கேட்காமல் எழுதமாட்டோம். நல்ல செய்தியை யாரும் இரண்டாவது ஆளிடம் கேட்பதில்லை. கிடைத்தது போதும் என்று அனுப்பிவிடுவோம். வீட்டிலும் அப்படித்தான் இருந்தோம். நீ கத்தாரில் வெயிலில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்த கிழமை, "நல்லா இருக்கன் உம்மா, தடிமல்தான்" என்று தொலைபேசியில் சொன்னாய். குரல் கம்மியிருந்தது. உன் உம்மா என் முகத்தைப் பார்த்தாள். "தடிமல் எண்டு செல்றான்தானே" என்று சொல்லிவிட்டு நான் தேநீரைக் குடித்தேன். உண்மை நீ ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

பகல் சாப்பாடு நன்றாகவே நடந்தது. உன் மாமி சமையல் மூலையில் ஒவ்வொரு அலுமாரியையும் திறந்து திறந்து பார்த்தா. "மகள், இதுக்குள்ள குசினியும் கிடக்கு, பாத்தியா? உங்கட வாப்பா நாப்பது வருசமா கட்டித்தாறன் எண்ட குசினி இதுதான்" என்றா. உன் மாமா கட்டிலில் உட்கார்ந்து ஆட்டிப் பார்த்துவிட்டு, "மருமகன், நான் தும்மினா இது வாழைச்சேனை வரைக்கும் உருளும் போல" என்று சிரித்தார். மின்விசிறி சுற்றியது, பிரிட்ஜ் ஓடியது, சாறு அடிக்கிற மெசின் ஓடியது, தண்ணீர் பம்ப் ஓடியது. பகல் சாய்வதற்குள் இன்வேட்டர் கீக் கீக் என்று கத்தத் தொடங்கியது. மீற்றர் பன்னிரண்டுக்குக் கீழே போயிருந்தது. "என்ன மருமகன், வீடு பசியில அழுகுதா?" என்று உன் மாமா கேட்டார். பகிடிதான். ஆனால் உன் காது சிவந்ததை நான் பார்த்தேன். நீ வெளியே போய், ஜெனரேட்டரை வயர் எட்டுகிற தூரம் வரை தள்ளி, காற்று கரவனை விட்டு விலகிப் போகிற பக்கமாக வைத்துப் போட்டாய். அதில் ஒரு பிழையும் இல்லை. நீ முறையாகப் பழகியவன்.

அஸர் தொழுகைக்கு நேரமானது. தங்கராசா தன் வாடியைக் கூட்டி, வலைகளை ஒரு மூலைக்கு ஒதுக்கி, "இதுக்குள்ள தொழுங்க, மேல ஒழுக்கு இல்ல" என்று இடம் தந்தார். நீ, நான், உன் மாமா மூவரும் அங்கே போனோம். பெண்கள் மூவரும் கரவனுக்குள். பாயை விரிக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. நீ எழுந்து ஓடினாய். நனைந்து திரும்பி வந்து எனக்குப் பக்கத்தில் நின்றாய். ஜெனரேட்டர் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. "நிப்பாட்டினயா?" என்றேன். "இல்ல வாப்பா, நனையாம படங்குக்குள்ள ஒதுக்கிட்டன்" என்றாய். கரவனின் பக்கவாட்டில் நிழலுக்காக நீ கட்டியிருந்த தார்ப்பாய்ப் படங்கு அது. அதன் கீழே, குசினி யன்னலுக்கு அடியில், சுவரோடு சேர்த்து வைத்திருந்தாய். நான் "நல்லது" என்று சொன்னேன். அந்த ஒரு சொல்லை என் காது இன்னும் கேட்கிறது. பிறகு தொழுகைக்குத் தக்பீர் கட்டினோம்.

உள்ளே நடந்ததை மூன்று பெண்களிடமும் தனித்தனியாகக் கேட்டு எழுதுகிறேன். மழைச்சாரலுக்கு யன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். களப்புப் பக்கத்தில் ஒன்று மட்டும் திறந்திருந்தது. முதலில் பர்ஹானாவுக்குத் தலை சுற்றியது. பிறகு வாளியைப் பிடித்துக்கொண்டு சத்தி எடுத்தாள். உன் மாமியின் முகம் மலர்ந்துவிட்டது.

"எத்தின நாளா புள்ள இப்பிடி? எனக்கிட்டச் செல்லலியே."

"இல்ல உம்மா, அதில்ல."

"எல்லாரும் முதல்ல அப்பிடித்தான் செல்லுவாங்க."

"அதில்ல மாமி," என்று அவள் உன் உம்மாவைப் பார்த்திருக்கிறாள். "தல வெடிக்குது."

"ஓம் மகள், எனக்கும் தல இடிச்சதுதான், இவன வயித்தில வெச்சிருக்கக்குள்ள" என்றாள் உன் உம்மா. உன் மாமியிடம், "வெக்கப்படுறா கா, விடுங்க. ஈரக்காத்துப் படப்போகுது, அந்த யன்னலயும் சாத்திவிடுங்க" என்றாள்.

கடைசி யன்னலும் அப்படித்தான் மூடப்பட்டது, மகன். பகையால் யாரும் மூடவில்லை. பிள்ளைத்தாய்ச்சிக்குக் காற்றுப் படக்கூடாது என்ற அன்பினால் மூடினார்கள். அது இல்லை என்று பர்ஹானாவுக்கு நிச்சயமாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதை நான் எழுதத் தேவையில்லை, அவள் எவரிடமும் விளக்கவும் தேவையில்லை. மூன்றாவது தடவையும் "அதில்ல" என்றாள். அப்போது அவளுக்குச் சீனித்தண்ணீர் கரைத்துக் கொடுத்துப் படுக்க வைத்திருந்தார்கள்.

உன் மாமி கதவைத் திறந்து படியில் நின்று ஓட்டமாவடிக்குத் தங்கச்சியை அழைத்தா. உள்ளே சிக்னல் கிடைக்கவில்லை என்று அவ படிக்கு வந்து வந்து பேசியதுதான் பிறகு அவவைக் காப்பாற்றியது. நாங்கள் தொழுது ஸலாம் கொடுத்து, மழை விடட்டும் என்று அரை மணி நேரத்துக்கு மேல் வாடியிலேயே இருந்தோம். அப்போது மழைக்குள்ளால் அவவுடைய குரல் கேட்டது. "மருமகன், அல்ஹம்துலில்லாஹ், இஞ்ச ஓடி வாங்க! உங்கட வீட்டில நல்ல செய்தி!" உன் மாமா உன்னைக் கட்டிப் பிடித்தார். தங்கராசா, "நிலம் என்ட. பேர் நான்தான் வைப்பன்" என்றார். "வைங்க, சுன்னத்துச் செலவும் உங்கடதான்" என்றார் உன் மாமா. எல்லோரும் சிரித்தோம். நீ சிரிக்கவா அழவா என்று தெரியாமல் சுவரைப் பார்த்து நின்றாய். நானும் தொலைபேசியை எடுத்துக் காத்தான்குடியிலிருக்கிற உன் மாமிக்கு, என் தங்கச்சிக்கு, செய்தி எழுதத் தொடங்கினேன். மற்றவர்களுடைய செய்தியைப் போல இதையும் ஒரு நிமிடம் நிறுத்தி யோசிக்க எனக்குத் தோன்றவில்லை.

நாங்கள் கரவனை நோக்கி நடந்தோம். நீ வெட்கத்தில் பின்தங்கிவிட்டாய். நான் முதலில் கதவடிக்குப் போனேன். உன் உம்மா தரையில், அலுமாரியில் சாய்ந்து இருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். "எனக்கும் தலையிடிக்குது, அந்த றால் கறி ஒத்துக்கொள்ளல்ல போல" என்றாள். அடுத்த நிமிடம் மடியிலேயே சத்தி எடுத்தாள். உன் உம்மாவுக்கு ஐம்பத்தெட்டு வயது. அவளுக்கு என்ன நல்ல செய்தி? பர்ஹானாவைக் கூப்பிட்டேன். கண் திறந்திருந்தது. என் பக்கம் திரும்பவில்லை. அப்போதுதான் புகை மணத்தது. அதுவரையும் மணத்திருக்கும். கடலோரத்தில், வாடியில், அடுப்பும் எஞ்சினும் உள்ள இடத்தில் அது எவருக்கும் புதிய மணமல்ல.

என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கும் முன் உனக்கு விளங்கிவிட்டது. நீ ஜெனரேட்டரைப் பார்த்தாய், மூடிய யன்னலைப் பார்த்தாய். உன் முகத்தில் அப்போது வந்ததை நான் எழுத மாட்டேன். ஜெனரேட்டரை ஒரே தட்டில் நிறுத்தி, என்னைத் தள்ளிக்கொண்டு உள்ளே பாய்ந்து, பர்ஹானாவைத் தூக்கி மழைக்குள் கொண்டுவந்து கிடத்தினாய். அவளுடைய கால் துணி போலத் துவண்டது. தங்கராசா உன் உம்மாவை அக்குளுக்குள் கை கொடுத்து இழுத்தார். "முகத்த மழையில புடிங்க, முகத்த மழையில புடிங்க" என்று நீ கத்திக்கொண்டே இருந்தாய். உன் மாமி தொலைபேசியைக் காதில் வைத்தபடி நின்றா. மறுமுனையில் யாரோ இன்னும் வாழ்த்திக்கொண்டிருந்தார்கள்.

கரவனைக் கழற்றிவிட்டு வேனை எடுத்தாய். உன் மாமா பின்னால் இருந்து மகளின் கன்னத்தைத் தட்டித் தட்டி, "நித்திர கொள்ளாத புள்ள, வாப்பாவப் பாரு" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவள் ஒவ்வொரு தடவையும் கண்ணைத் திறக்கத் தாமதமானது. வாசலில் இறங்கியதும், மழை, கரவன், சத்தி என்று நான் சொல்லத் தொடங்கினேன். டொக்டர் என்னை முடிக்கவிடவில்லை. "எஞ்சின் எங்க இருந்த?" என்றார். நீ சொன்னாய். அவர் உன்னைத் திட்டவில்லை. ஒட்சிசன் கொண்டுவரச் சொல்லிவிட்டு, "இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தா நான் உங்களோட வேற கதை கதைச்சிருப்பன்" என்று அமைதியாகச் சொன்னார். அந்த அமைதிதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்ததும் உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். செய்தி எங்களுக்கு முன்பே ஓட்டமாவடி முழுவதும் போயிருந்தது. பேரீச்சம்பழமும் கேக்கும் கொண்டு சொந்தக்காரர்கள் வார்ட்டுக்கு வந்துவிட்டார்கள். முகமூடி மாட்டிப் படுத்திருந்தவளின் கையைப் பிடித்து "முபாரக் மகள்" என்றார்கள். அவள் முகமூடியை இழுத்து ஏதோ சொல்லப் பார்த்தாள். தாதி வந்து அதைத் திரும்பவும் மாட்டிவிட்டா. அவள் சொல்லப் பார்த்தது அதே சொல்தான் என்று எனக்குத் தெரியும். பிறகு பல மாதம், ஒவ்வொரு கல்யாண வீட்டிலும் யாராவது அவளுடைய வயிற்றைப் பார்த்துவிட்டு முகத்தைப் பார்த்தார்கள். சிலர், கலைந்துவிட்டதாக நினைத்து ஆறுதல் சொன்னார்கள்.

உன் உம்மா குணமாகி வீட்டுக்கு வந்த பிறகு பர்ஹானாவிடம் போனாள். "மன்னிச்சிக்க மகள், நான்தானே யன்னலச் சாத்தச் சென்ன" என்று அழுதாள். பர்ஹானா அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "நீங்க சந்தோசப்பட்டதுக்கு எனக்குக் கோவமில்ல மாமி. நான் அதில்ல எண்டு சென்னன். ஒராளாவது, 'அப்ப என்ன?' எண்டு கேக்கல்ல." நான் அங்கே இருந்தேன். நான் கேள்வி கேட்டுப் பிழைத்தவன். எனக்கும் அதில் பங்குண்டு.

கரவனை விற்றுவிடச் சொன்னார்கள். நீ விற்கவில்லை. அது சரி என்றுதான் நானும் நினைக்கிறேன். கூரையில் சூரியத் தகடு பூட்டியிருக்கிறாய். பெட்டரி மிகவும் வெறுமையாக இருக்கும் காலை நேரத்தில் ஜெனரேட்டரைப் போடு. அப்போதுதான் அது வேகமாக ஏற்றிக்கொள்ளும். கடைசிப் பங்கு எப்படியும் மெதுவாகத்தான் ஏறும், அதற்குப் பெற்றோலை எரிக்காமல் வெயிலிடம் விட்டுவிடு. பெட்டரி ஏற்றவென்று ஜெனரேட்டரிலேயே இருக்கிற சின்னத் துளையில் கொளுவிவிட்டு நாள் முழுக்கக் காத்திருக்காதே, கரவனின் சார்ஜருக்குக் கொடு. நிறுத்தி ஆறவிட்டு மீற்றரைப் பார். இதெல்லாம் உன்னிடமிருந்து கற்றதையே உனக்குச் சொல்கிறேன். விருந்தாளிகளிடம் முதல் நாளே சொல்லிவிடு: சில நேரம் விசிறி நிற்கும், சில நேரம் விளக்கு இருக்காது. அதைக் கேட்டு முகம் சுளிப்பவன் வேறு இடம் பார்க்கட்டும். உன் மாமா பகிடி விட்டால் விடட்டும். அன்றைக்கு வேனில் மகளுடைய கன்னத்தைத் தட்டிய கை அது. உன் வீட்டில் விளக்கு எரிகிறதா என்று அவர் இனிப் பார்க்கப் போவதில்லை.

விஷப்புகை வந்தால் கத்துகிற கருவி ஒன்றையும் கட்டிலுக்கு மேலே பூட்டியிருக்கிறாய். அதை எனக்குக் காட்டியவள் பர்ஹானாதான். போன கிழமை, சாமான்களைத் துடைத்து ஏற்றிக்கொண்டிருந்தாள். அந்தப் படியில் அவள் திரும்பவும் கால் வைத்ததை அன்றுதான் பார்த்தேன். "பயமில்லையா மகள்?" என்று கேட்டேன்.

"பயம்தான் மாமா" என்றாள். துணியைப் பிழிந்துகொண்டே கொஞ்சம் யோசித்தாள். "இது கத்தினா அவர் ஓடி வருவார். அது எனக்குத் தெரியும். நான் சென்னா வருவாரா?"

அதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் அல்ல. இந்தப் பருவத்தில் எப்படியும் ஒரு நாள் மழை வரும். யாராவது விருந்தாளி உள்ளே இருப்பான், பிரிட்ஜில் மீன் இருக்கும், மீற்றர் இறங்கிக்கொண்டிருக்கும். அந்த நேரம் பார்த்து அவள் "நிப்பாட்டுங்க" என்பாள். காரணம் சொல்லமாட்டாள், அல்லது அவளுக்கே காரணம் தெரியாது. மகன், கேள்வி கேட்காமல் நிறுத்திவிடு. காரணத்தைப் பிறகு இருட்டில் உட்கார்ந்துகொண்டும் கேட்கலாம்.

வாப்பா